பேஜ்மேக்கர் இருக்கும் பழைய எக்ஸ்பி சிஸ்டத்தை அப்படியே விண்டோஸ் 11-க்குள் கொண்டுவர முடியுமா?

குடந்தை அச்சு:

வணக்கம். கும்பகோணத்தில் சின்ன ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறோம். டிடிபி முழுக்க அப்பா பார்க்கிறார். மெஷின், பேப்பர், கணக்கு என் பொறுப்பு. கல்யாணப் பத்திரிகையும் பில் புக்கும்தான் தினப்படி வேலை. ஆனால் அப்பா மனசு வைத்துச் செய்தது வேறு: சுற்றுவட்டாரக் கோயில்களின் கும்பாபிஷேக மலர்கள், தல புராணச் சிறு நூல்கள், சொந்தக் காசில் புத்தகம் போட வந்த உள்ளூர்ப் புலவர்களின் பாடல்கள். 1998-லிருந்து அத்தனையும் பேஜ்மேக்கர் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் செய்த கோப்புகள். முதலில் 6.5, அப்புறம் 7. பல நூல்களுக்கு அச்சுப் பிரதிகூட எங்களிடம் இல்லை. எழுதியவர்களில் சிலர் காலமாகிவிட்டார்கள். கோப்பு மட்டும்தான் மிச்சம்.

அவ்வளவும் ஒரே சிஸ்டத்தில் இருக்கிறது. பென்டியம் 4, 512 எம்பி ரேம், 80 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. கொஞ்ச நாளாகக் காலையில் ஆன் ஆக அடம்பிடிக்கிறது. திறந்து பார்த்தால் மதர்போர்டில் இரண்டு மூன்று கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கிறது. இந்த போர்டு இனிக் கிடைக்காது என்கிறார் சர்வீஸ்காரர்.

புதிதாக ஒரு சிஸ்டம் வாங்கிவிட்டோம். ஐ5, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 11. அதில் பேஜ்மேக்கர் 7 எப்படியோ ஏறிவிட்டது. ஆனால் தமிழ் அடிக்கும் மென்பொருள் ஏறவே இல்லை. பச்சை நிற யூஎஸ்பி டாங்கிள் செருகினால்தான் ஓடும் பழைய மென்பொருள் அது. விற்றவர்கள் கடையை மூடிப் பல வருஷம் ஆகிறது. அப்பா தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் கிரேடு. கை தட்டச்சு முறையில்தான் ஓடும். 68 வயதில் வேறு விசைப்பலகை பழகச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைப் போட்டால் விண்டோஸ் 11-க்குள் எக்ஸ்பி ஓடும் என்று ஒரு நண்பர் சொன்னார். 8 ஜிபி ரேமில் அது ஓடுமா? டாங்கிள் வேலை செய்யுமா? எக்ஸ்பியைப் புதிதாக ஏற்ற வேண்டுமா, பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே உள்ளே கொண்டுவர வழி உண்டா? அங்கிருந்து பிரின்ட் எப்படி எடுப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லை லேஅவுட்:

எக்ஸ்பியைக் கட்டி அழ வேண்டாம் நண்பரே. எல்லாவற்றையும் இன்றைய பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். என்ஹெச்எம் கன்வர்ட்டர் மாதிரி இலவசக் கருவிகள் பழைய ஃபாண்டு எழுத்தை மாற்றித் தருகின்றன. பேஜ்மேக்கருக்குப் பின் வந்த இன்டிசைனில் சிஎஸ்6 பதிப்பு வரைக்கும் பேஜ்மேக்கர் கோப்பு நேரடியாகத் திறக்கும், அதற்குப் பிறகு வந்த சிசி பதிப்புகளில் அந்த வசதி இல்லை. காசு செலவழிக்க வேண்டாம் என்றால் லிப்ரெஆபீஸ் டிராவில் திறந்து பாருங்கள், 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் கோப்பைப் படிக்கிறது. பக்கம் கலையும், ஆனால் எழுத்து கைக்கு வரும். தட்டச்சு முறையில் யூனிகோட் அடிக்கவும் இப்போது இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, அப்பா விசைப்பலகையை மாற்றிக்கொள்ளவே வேண்டாம்.

மதுரை பழங்கணினி:

தம்பி, மதுரையிலும் சிவகாசியிலும் அச்சகங்களுக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நெல்லை நண்பர் சொல்வது சரி, ஆனால் அது இரண்டாவது வேலை. யூனிகோடுக்கு மாற்ற வேண்டுமென்றாலும் மூலக் கோப்பைத் திறந்து, எழுத்தை எடுத்து, மாற்றி வந்ததைப் பழைய பக்கத்தோடு வைத்து ஒத்துப் பார்த்தாக வேண்டும். பழைய ஃபாண்டில் "கொ" என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கிடக்கும். யூனிகோடில் வரிசை வேறு. கன்வர்ட்டர் இதைத் திருப்பிப் போடும், ஆனால் பேஜ்மேக்கரில் கையால் கெர்னிங் செய்த, அதாவது எழுத்து இடைவெளியைத் திருத்திய, இடங்களிலும் ஒரே வரியில் இரண்டு ஃபாண்டு கலந்த இடங்களிலும் தடுமாறும். பாடல் நூலில் ஒரு ஒற்று தவறிப்போனால் யார் கண்டுபிடிப்பது? எழுதியவர் இல்லை என்கிறீர்கள். அதனால் மூலம் சரியாகத் திறக்கிற ஒரு எக்ஸ்பி உயிரோடு இருக்க வேண்டும். அதை முதலில் காப்பாற்றுவோம்.

உங்கள் கேள்விகளிலேயே முக்கியமானது, புதிதாக ஏற்றுவதா, பழைய டிஸ்க்கை அப்படியே கொண்டுவருவதா என்பது. யோசிக்கவே வேண்டாம், அப்படியே கொண்டுவாருங்கள். பேஜ்மேக்கர் படங்களைக் கோப்புக்குள் முழுதாக வைத்துக்கொள்ளாது, டி டிரைவில் இந்த ஃபோல்டரில் இந்த டிஃப் படம் என்று பாதையை மட்டும் நினைவில் வைத்திருக்கும். புது எக்ஸ்பியில் டிரைவ் எழுத்தோ ஃபோல்டரோ மாறினால் ஒவ்வொரு மலரையும் திறக்கும்போது படம் எங்கே என்று கேட்டு நிற்கும். ஃபாண்டு சங்கதி இன்னும் மோசம். ஒரே பெயரில் இரண்டு மூன்று பதிப்புகள் அந்தக் காலத்தில் ஊரெல்லாம் சுற்றின. அப்பாவின் சிஸ்டத்தில் இருப்பது எதுவோ அதுதான் அந்தக் கோப்புகளுக்குச் சரி. வேறு பதிப்பைப் போட்டால் எழுத்தின் அகலம் ஒரு மயிரிழை மாறி, வரி உடைந்து, பக்கம் தள்ளிப்போகும். டிஸ்க்கை முழுதாக எடுத்துவந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது. அந்தப் பழைய சிஸ்டத்தைச் சும்மா ஆன் செய்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கெப்பாசிட்டர் உப்பிய போர்டு எந்த நாளிலும் நின்றுபோகலாம். அடுத்த முறை ஆன் ஆகும்போது இரண்டு காரியத்தை முடித்துவிடுங்கள்.

ஒன்று, கோப்புகளையும் படங்களையும் விண்டோஸின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும் தமிழ் மென்பொருள் இருக்கும் ஃபோல்டரையும் ஒரு வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். மற்றது எல்லாம் தோற்றாலும் இது கையில் இருக்கும்.

இரண்டு, மெர்ஜ்ஐடிஇ என்று ஒரு சின்னக் கருவி. அதை அந்த எக்ஸ்பியில் ஒரு முறை ஓட்டிவிடுங்கள். எதற்கென்றால், எக்ஸ்பி தான் ஏற்றப்பட்ட போர்டின் டிஸ்க் கன்ட்ரோலரை (டிஸ்க்கோடு பேசும் சிப்) மட்டுமே தெரிந்துவைத்திருக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் காட்டுவது பிஐஐஎக்ஸ்4 என்ற வேறு இன்டெல் கன்ட்ரோலர். தெரியாத கன்ட்ரோலரைப் பார்த்ததும் எக்ஸ்பி தன் டிஸ்க்கையே படிக்க முடியாமல், 7பி என்று முடியும் எண்ணோடு நீலத் திரை காட்டி நின்றுவிடும். மெர்ஜ்ஐடிஇ பொதுவான ஐடிஇ டிரைவர்களை எல்லாம் ரெஜிஸ்ட்ரியில் முன்கூட்டியே பதித்து வைக்கும். இதைப் பழைய போர்டில் இருக்கும்போதே செய்ய வேண்டும் என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன்.

பிறகு சிஸ்டத்தை அணைத்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுங்கள். பட்டை கேபிள் போகிற ஐடிஇ டிஸ்க்காகத்தான் இருக்கும். ஐடிஇ டிஸ்க்கை யூஎஸ்பியில் செருகும் அடாப்டர் கம்ப்யூட்டர் கடைகளில் கிடைக்கும், தனி பவர் அடாப்டரோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள். புது சிஸ்டத்தில் செருகியதும் "இந்த டிஸ்க்கில் பிழை இருக்கிறது, சரிசெய்யவா?" என்று விண்டோஸ் 11 கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தேய்ந்த டிஸ்க்கில் எதையும் எழுத விடக்கூடாது, படிக்க மட்டும்தான் வேண்டும்.

மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் டிஸ்க்2விஹெச்டி என்ற கருவியில் அந்த டிஸ்க்கின் பார்ட்டிஷன்களை எல்லாம் டிக் செய்து ஒரே கோப்பாக எடுங்கள். அதில் விஹெச்டிஎக்ஸ் என்று ஒரு கட்டம் டிக் ஆகியிருக்கும், அதை எடுத்துவிட்டுப் பழைய விஹெச்டி வடிவத்தில் எடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸுக்கு அதுதான் ஒத்துவரும். நடுவில் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டாலோ படிக்க முடியவில்லை என்று நின்றாலோ மறுபடி மறுபடி முயலாமல் கழற்றி வைத்துவிட்டு இங்கே எழுதுங்கள். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஒன்று உண்டு, நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு மோசமான இடங்களுக்குக் கடைசியில் வரும். அந்த வழியில் போகலாம்.

விர்ச்சுவல்பாக்ஸில் புது மெஷின் உருவாக்கும்போது விண்டோஸ் எக்ஸ்பி 32-பிட் என்று தேர்ந்தெடுங்கள். ரேம் 1 ஜிபி போதும், பழைய சிஸ்டத்தில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு அது. மிச்சம் 7 ஜிபி விண்டோஸ் 11-க்கு இருக்கும், தாராளம். பிராசஸர் ஒன்றே போதும். ஐஓ ஏபிக் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். உங்கள் பென்டியம் 4 ஹைப்பர் த்ரெடிங் உள்ளது என்றால் அது இல்லாமல் எக்ஸ்பி எழுந்திருக்காது. விஹெச்டி கோப்பை ஐடிஇ கன்ட்ரோலரில் மாட்டுங்கள், சாட்டாவில் மாட்டாதீர்கள். எக்ஸ்பியிடம் சாட்டா டிரைவர் கிடையாது.

டாங்கிள் யூஎஸ்பி என்பது உங்கள் அதிர்ஷ்டம். பிரின்டர் போர்ட்டில் செருகும் பழைய வகையாக இருந்தால் விண்டோஸ் மேல் ஓடும் விர்ச்சுவல்பாக்ஸில் வழி இல்லை. செட்டிங்ஸில் யூஎஸ்பி 2.0 தேர்ந்தெடுத்து, டாங்கிளைச் செருகி, ஃபில்டரில் அதைச் சேர்த்துவிட்டால் எக்ஸ்பி ஆன் ஆனதும் நேராக அதன் கைக்குப் போய்விடும். 3.0 வேண்டாம், எக்ஸ்பிக்கு அது தெரியாது. டாங்கிளுக்கு டிரைவர் இல்லை என்று விண்டோஸ் 11 சொன்னால் கவலைப்படாதீர்கள், டிரைவர் தேவைப்படுவது உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்குத்தான். அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், அச்சகத்தில் பயன்படுத்தவும் தடை இல்லை. ஆனால் எக்ஸ்டென்ஷன் பேக் என்று தனியாக ஒன்று இருக்கும், அது சொந்த உபயோகம், கல்வி போன்றவற்றுக்குத்தான் இலவசம். தொழிலுக்கு என்றால் காசு. இணையத்தில் இருக்கும் பழைய வழிகாட்டிகள் யூஎஸ்பிக்கு அது வேண்டும் என்று சொல்லும். 2022-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து யூஎஸ்பி 2.0 அடிப்படைத் தொகுப்பிலேயே இருக்கிறது. அதனால் பேக்கை இறக்காதீர்கள். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனும் 2024 நவம்பரிலிருந்து தொழிலுக்கும் இலவசம்தான், ஒன்று ஒத்துவராவிட்டால் மற்றது.

எக்ஸ்பிக்கு இணையம் கொடுக்காதீர்கள். நெட்வொர்க் செட்டிங்கில் கேபிள் இணைப்பு என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். 2014 ஏப்ரல் 8-ஓடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. 2017-இல் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக ஒன்று வெளியிட்டது. அப்படி ஒன்றை நம்பி உட்கார முடியாது. கஸ்டமர் கொண்டுவரும் பென் டிரைவையும் எக்ஸ்பியில் திறக்காதீர்கள். விண்டோஸ் 11-இல் வைரஸ் பார்த்துவிட்டு, அதற்கென்று ஒதுக்கிய ஒரே ஒரு ஷேர்டு ஃபோல்டர் வழியாக உள்ளே அனுப்புங்கள். ஷேர்டு ஃபோல்டருக்கு நெட்வொர்க் தேவையில்லை, கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற விர்ச்சுவல்பாக்ஸின் துணைத் தொகுப்பை எக்ஸ்பிக்குள் ஏற்றினால் போதும். அதை ஏற்றும்வரை மௌஸ் எக்ஸ்பி ஜன்னலுக்குள் மாட்டிக்கொள்ளும். வலது பக்க கன்ட்ரோல் விசையைத் தட்டினால் வெளியே வரும். இதை அப்பாவிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

தட்டச்சு பற்றி: நீங்கள் தட்டுகிற விசை எதுவோ அதுவே எழுத்தாக மாறாமல் எக்ஸ்பிக்குப் போகிறது. அங்கே அப்பாவின் மென்பொருள் பழைய சிஸ்டத்தில் செய்ததைத்தான் செய்யும். அவர் கைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

அப்புறம் எக்ஸ்பி உரிமம். போர்டு மாறிவிட்டது என்று நினைத்து மறுபடி ஆக்டிவேஷன் கேட்கக்கூடும். சிஸ்டத்தோடு வந்த ஸ்டிக்கர் உரிமம் பொதுவாக அந்தச் சிஸ்டத்துக்கு மட்டும் கொடுத்தது. தனியாகப் பெட்டியில் வாங்கிய எக்ஸ்பி என்றால் வேறு மெஷினுக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்த டிஸ்க்கையும் அட்டையையும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

குடந்தை அச்சு:

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். மெர்ஜ்ஐடிஇ ஓட்டும்வரை அந்த போர்டு தாங்கியது பெரிய விஷயம். டிஸ்க் சத்தம் எதுவும் போடவில்லை, விஹெச்டி முழுதாக வந்துவிட்டது. விர்ச்சுவல்பாக்ஸில் எக்ஸ்பி எழுந்தது, அப்பாவின் பழைய டெஸ்க்டாப் அதே பிள்ளையார் படத்தோடு வந்தது. டாங்கிளையும் எடுத்துக்கொண்டது. உரிமமும் பெட்டியில் வாங்கியதுதான், அட்டை பீரோவில் கிடைத்தது.

இரண்டு பிரச்சினை. ஒன்று, வேகம் இல்லை. பேஜ்மேக்கரில் பக்கம் திருப்பினால் கட்டம் கட்டமாக வரைகிறது. கீழே வலது மூலையில் ஒரு பச்சை ஆமை படம் தெரிகிறது, அது என்ன? இரண்டு, பிரின்ட். உள்ளே டிஸ்டிலர் என்ற பிடிஎஃப் உருவாக்கும் மென்பொருளில் பிடிஎஃப் போட்டு ஷேர்டு ஃபோல்டருக்கு அனுப்பி வெளியே திறந்தால், தலைப்பு சரியாக இருக்கிறது, உள் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வருகிறது. எக்ஸ்பிக்குள்ளேயே அதே பிடிஎஃப்பைத் திறந்தால் தமிழ் சரியாகத் தெரிகிறது.

மதுரை பழங்கணினி:

தம்பி, நல்ல செய்தி. இரண்டுக்கும் வழி இருக்கிறது.

ஆமை: விண்டோஸ் 11 தன் பாதுகாப்புக்காக ஹைப்பர்-வி என்ற தன் சொந்த விர்ச்சுவல் ஏற்பாட்டை அடியில் ஓட விட்டிருக்கிறது. ஒரு மெஷினுக்குள் இன்னொரு மெஷின் என்பது புது யோசனை இல்லை, ஐபிஎம் 1960-களிலேயே தன் பெரிய கணினிகளில் செய்தது, 1972-இல் விஎம்/370 என்று விற்பனைக்கே வந்தது. ஆனால் நம் பிசி சிப்புகளை அதற்கு ஏற்றபடி யாரும் வடிவமைக்கவில்லை. 1999-இல் விஎம்வேர் மென்பொருள் சாமர்த்தியத்தாலேயே அதைச் சாதித்தது. 2005-இல் இன்டெலும் அடுத்த வருஷம் ஏஎம்டியும் சிப்பிலேயே அந்த வசதியை வைத்தன. உங்கள் ஐ5-இல் இருப்பதும் அதுதான். அந்த வசதியை ஹைப்பர்-வி முதலில் பிடித்துக்கொண்டதால், விர்ச்சுவல்பாக்ஸ் நேராகச் சிப்பிடம் போகாமல் ஹைப்பர்-வி வழியாகப் போக வேண்டியிருக்கிறது. அதைத்தான் ஆமை காட்டுகிறது.

விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, அதற்குள் கோர் ஐசொலேஷன், அதற்குள் மெமரி இன்டெக்ரிட்டி. அதை ஆஃப் செய்யுங்கள். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் எது டிக் ஆகியிருந்தாலும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆமை போய்விட வேண்டும்.

ஆனால் இதைச் செய்யும் முன் யோசியுங்கள். மெமரி இன்டெக்ரிட்டி வீணான விஷயம் இல்லை, கெட்ட டிரைவர்கள் உள்ளே நுழையாமல் தடுப்பது அது. அதே சிஸ்டத்தில்தான் ஜிஎஸ்டி, பேங்க் வேலை எல்லாம் செய்கிறீர்கள் என்றால் நான் அதை ஆஃப் செய்யச் சொல்ல மாட்டேன். முதலில் கெஸ்ட் அடிஷன்ஸ் ஏற்றியாகிவிட்டதா என்று பாருங்கள். கட்டம் கட்டமாக வரைவது பெரும்பாலும் சரியான டிஸ்ப்ளே டிரைவர் இல்லாததால்தான். அதை ஏற்றியபின் ஆமையோடேயே பேஜ்மேக்கர் சுமாராக ஓடினால் அப்படியே விட்டுவிடுங்கள். 2001-இல் வந்த மென்பொருள், அதற்குப் பெரிய வேகம் தேவைப்படாது.

பிடிஎஃப்: ஃபாண்டு உள்ளே பதியவில்லை. எக்ஸ்பியில் அதே ஃபாண்டு இருப்பதால் அங்கே சரியாகத் தெரிகிறது, வெளியே இல்லாததால் வேறு ஃபாண்டைப் போட்டுக் காட்டுகிறது. பழைய தமிழ் ஃபாண்டுகள் ஆங்கில எழுத்து இருக்கும் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்தவை, அதனால் ஃபாண்டு இல்லாத இடத்தில் ஆங்கிலமாகத் தெரிகிறது. இரண்டு இடத்தில் பாருங்கள். டிஸ்டிலர் ஜாப் ஆப்ஷன்ஸில் எல்லா ஃபாண்டையும் எம்பெட் செய் என்பது டிக் ஆகியிருக்க வேண்டும். டிஸ்டிலர் பிரின்டரின் பிராப்பர்ட்டீஸில் "டிஸ்டிலருக்கு ஃபாண்டு அனுப்பாதே" என்று ஒரு கட்டம் இருக்கும். அது டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். உங்கள் உள் பக்கத்துக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

அதன்பிறகும் சில ஃபாண்டு அடம்பிடித்தால், செய்தவர்கள் எம்பெட் செய்யத் தடை வைத்திருப்பார்கள். பிரின்டர் பிராப்பர்ட்டீஸில் ட்ரூடைப் ஃபாண்டை அவுட்லைனாக அனுப்பு என்று வைத்துப் பாருங்கள்.

பிடிஎஃப் சரியாக வர ஆரம்பித்ததும் அப்பாவை உட்காரவைத்து ஒவ்வொரு மலரையும் நூலையும் பிடிஎஃப்பாக எடுத்து வைத்துவிடுங்கள். அந்த பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை நகல் எடுக்க முடியாது, எடுத்தால் ஆங்கிலக் குப்பையாகத்தான் வரும். ஆனால் பக்கம் எப்படி இருந்தது என்பதற்கு அது சாட்சி. பிறகு நெல்லை நண்பர் சொன்ன யூனிகோட் வேலையில் இறங்கும்போது வரிக்கு வரி அதோடு ஒத்துப் பார்க்கலாம்.

டொராண்டோ வாசகன்:

நடுவில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவேண்டும். எனக்கும் கிட்டத்தட்ட இதே தேவை. யாழ்ப்பாணத்தில் என்னுடைய மாமா நடத்திய சிற்றிதழின் பேஜ்மேக்கர் கோப்புகள் ஒரு சீடியில் இருக்கின்றன, எல்லாம் பாமினி எழுத்துரு. என்னிடம் இருக்கிற கணனி எம்1 மக்புக். அதில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு எக்ஸ்பி ஓடவிடலாமோ?

கோவை லினக்ஸ்:

விர்ச்சுவல்பாக்ஸில் முடியாது. விர்ச்சுவல் மெஷின் என்பது இருக்கிற சிப்பையே பங்கிட்டுக் கொடுப்பது. எம்1 ஆர்ம் வகைச் சிப், எக்ஸ்பி இன்டெல் வகைச் சிப்புக்கு எழுதியது. விர்ச்சுவல்பாக்ஸ் 7.1-இலிருந்து எம் சிப் மேக்கில் ஓடுகிறது என்றாலும், உள்ளே ஏற்ற முடிவது ஆர்முக்கான ஆப்பரேட்டிங் சிஸ்டங்களைத்தான்.

உங்களுக்கு வேண்டியது எமுலேட்டர். யூடிஎம் என்று மேக்குக்கு இலவசமாக ஒன்று இருக்கிறது, உள்ளே ஓடுவது க்யூஇஎம்யூ. 2003-இல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கியது. இன்டெல் கட்டளைகள் ஒவ்வொன்றையும் ஆர்முக்கு மாற்றி மாற்றி ஓட்டும், அதனால் வேகம் குறையும். எக்ஸ்பி சின்னது என்பதால் பொறுத்துக்கொள்ளலாம். புது மெஷின் உருவாக்கும்போது விர்ச்சுவலைஸ், எமுலேட் என்று இரண்டு வாய்ப்பு கேட்கும், எமுலேட் தேர்ந்தெடுங்கள். எழுத்து மட்டும் போதும் என்றால் அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். லிப்ரெஆபீஸ் டிராவில் கோப்பைத் திறந்து எழுத்தை எடுத்து பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் அந்தச் சீடியை இமேஜாக எடுத்துவையுங்கள், பழைய சீடிகள் சொல்லாமல் கொள்ளாமல் படிக்க முடியாமல் போய்விடும்.

டொராண்டோ வாசகன்:

நன்றி. சீடியை இன்றைக்கே இமேஜ் எடுக்கிறேன். அட்டைப்படமும் பக்க அமைப்பும் மாமாவே செய்தவை, அதனால் எழுத்தோடு நிற்காமல் யூடிஎம் வழியையும் பார்க்கப் போகிறேன்.

குடந்தை அச்சு:

ஐயா, கெஸ்ட் அடிஷன்ஸ் ஏற்றியதும் திரை சரியாகிவிட்டது. ஆமை இருக்கிறது, ஆனால் அப்பா வேகம் போதும் என்கிறார். ஜிஎஸ்டி ஃபைலிங் இதே சிஸ்டத்தில்தான், அதனால் எதையும் ஆஃப் செய்யவில்லை. அந்த ஃபாண்டு அனுப்பாதே கட்டம்தான் காரணம், எடுத்ததும் உள் பக்கம் முழுக்கத் தமிழில் வந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. இதற்கு நகல் எப்படி எடுத்துவைப்பது? ஸ்னாப்ஷாட் என்று ஒன்று இருக்கிறதே, அது போதுமா?

மதுரை பழங்கணினி:

போதாது தம்பி. ஸ்னாப்ஷாட் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது, டிஸ்க் போனால் அதுவும் போகும். எக்ஸ்பியில் புதிதாக எதையாவது ஏற்றிப் பார்க்கும் முன் எடுத்துவைத்தால், கெட்டுப்போனால் அந்த நிலைக்குத் திரும்பலாம். அதற்குத்தான் அது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் அதற்குப் பிறகு எக்ஸ்பிக்குள் அப்பா சேமித்த கோப்புகளும் காணாமல் போகும். அதனால் தினமும் மாலையில் அன்றைய வேலையை ஷேர்டு ஃபோல்டருக்கு ஒரு நகல் போட்டுவிடுங்கள்.

முழு நகலுக்கு, முதலில் எக்ஸ்பியை ஸ்டார்ட் மெனுவில் போய் ஒழுங்காக ஷட் டவுன் செய்யுங்கள். ஜன்னலை மூடும்போது கேட்கும் சேவ் ஸ்டேட் வேண்டாம், அந்த நிலையில் எடுத்த நகல் வேறு சிஸ்டத்தில் எழாமல் போகலாம். ஷட் டவுன் ஆனதும் விர்ச்சுவல்பாக்ஸின் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுத்து மொத்த மெஷினும் அடங்கிய ஒரே ஓவிஏ கோப்பாக எடுங்கள். இரண்டு வெளி டிஸ்க்கில் போட்டு, ஒன்றை அச்சகத்திலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். கூடவே விர்ச்சுவல்பாக்ஸின் இன்ஸ்டாலரையும், எக்ஸ்பி அட்டையின் படத்தையும், முதலில் எடுத்த விஹெச்டியையும் போடுங்கள். டாங்கிளை மட்டும் நகல் எடுக்க முடியாது, அதைப் பத்திரமாகப் பாருங்கள். தினமும் செருகி எடுக்காமல் பின்பக்க போர்ட்டில் நிரந்தரமாக விட்டுவிடுவது நல்லது.

நகல் எடுத்ததோடு விடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த யாருடைய லேப்டாப்பிலாவது விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அந்த ஓவிஏவை இம்போர்ட் செய்து, படம் நிறைய இருக்கும் மலர் ஒன்றைத் திறந்து பாருங்கள். படமும் ஃபாண்டும் கேள்வி கேட்காமல் வந்தால் நகல் சரி. வராவிட்டால் பழைய டிஸ்க் இன்னும் உங்களிடம் இருக்கும்போதே இங்கே எழுதுங்கள்.